தட்டு கழுவுவதை ஏன் மறைத்தாய்?

அன்புள்ள கதிருக்கு,

யுனிவர்சிட்டி கேன்டீனில் நீ தட்டு கழுவுகிறாய் என்பது உன் அத்தை மகன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு முகமே சுருங்கிவிட்டது. எனக்கோ உன் பிலடெல்பியாவில் முன்பு படித்த இன்னொருவர் ஞாபகம் வந்தது. வரலாற்று டீச்சர் புத்தி வேறெங்கே போகும்?

குவாமே நிக்ரூமா, ஆப்பிரிக்காவின் கானா நாட்டு விடுதலைத் தலைவர். கானா அப்போது வெள்ளைக்காரன் கையில், கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் இருந்தது. 1935-இல் படிக்கக் கிளம்பியவர், வழியில் லண்டனில் இறங்கினார். இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் புகுந்த சேதி பத்திரிகைச் சுவரொட்டியில். தெருவில் போகிறவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த ஊரே தன்மீது போர் தொடுத்ததுபோல் இருந்ததாம் அவருக்கு.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு நீ படிக்கும் ஊரிலேயே மேல்படிப்பு. விடுமுறையில் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் மீன் விற்றார், சோப்புத் தொழிற்சாலைக்குப் போனார், கப்பலில் பாத்திரம் தேய்த்தார். படுக்க இடமில்லாத நாளில் ஐந்து சென்ட் டிக்கெட் எடுத்து, விடியும்வரை சுரங்க ரயிலிலேயே போய் வந்தார். பால்டிமோரில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், வெள்ளைக்காரப் பணியாள் எச்சில் தொட்டியைக் காட்டினான்.

அங்கேதான் அவருக்குக் கண் திறந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஊரில் கண்டது அந்நிய ஆட்சி. அமெரிக்காவிலோ சுதந்திர நாட்டின் குடிமகனுக்கும், கறுப்பன் என்றால், அதே கதி. ஹெகலும் மார்க்ஸும் படித்தவர்தான். ஆனாலும் தன்னை அதிகம் பற்றவைத்தது கறுப்பின விடுதலைக்குக் குரல் கொடுத்த மார்கஸ் கார்வியின் எழுத்து என்று அவரே எழுதியிருக்கிறார். 1945-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆப்பிரிக்க விடுதலைக்கான மாநாட்டை டிரினிடாட்காரரான ஜார்ஜ் பேட்மோருடன் சேர்ந்து நடத்தியபோது, தன் ஊர் விடுதலையை மட்டும் அவர் யோசிக்கவில்லை. 1957 மார்ச் 6, கானா விடுதலை பெற்ற இரவிலும், ஆப்பிரிக்கா முழுவதும் விடுபடாமல் இதற்கு அர்த்தமில்லை என்றுதான் பேசினார்.

பின்னால் எதிர்த்தவர்களை விசாரணையில்லாமல் சிறையில் வைத்தவரும் இவரே. அதையும் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை.

அவர் அம்மா நியானிபாவுக்கு ஒரே பிள்ளை. 1947-இல் திரும்பும்வரை பன்னிரண்டு வருஷம் மகன் முகம் பார்க்காமல் இருந்தாள். நான் வாராவாரம் வீடியோ காலில் பார்க்கிறேன், முகத்தை மட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கையையும் காட்டு. வெந்நீர் பட்டுத் தோல் உரிந்திருந்தால் நான் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா