மகளிர் வட்டத்தின் ஆண்டறிக்கை: நன்றி, நினைவு, அன்றாட மகிழ்ச்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டத் தேதிகளும் வருகையும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன, அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. நன்றி சொல்லவும், நினைவுகளைப் பகிரவும், அன்றாட மகிழ்ச்சியைக் குறிக்கவும் நாம் வட்டமாகக் கூடும் அமர்வுகள் எப்படி நடந்தன, எது பலித்தது, எது ஏன் பிசகியது என்பதையே இந்த அறிக்கை விரிவாகச் சொல்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களும், தம் தெருவிலோ வேலையிடத்திலோ இதுபோல் ஒரு வட்டம் தொடங்க விரும்புபவர்களும் இதைக் கையில் வைத்துக்கொண்டு நடத்த முடிய வேண்டும் என்பது செயற்குழுவின் விருப்பம்.

முதலில் அமர்வின் அளவு. ஒரு வட்டத்துக்கு 6 முதல் 8 பேர், மொத்தம் 90 நிமிடம். ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் என்றால் 8 பேருக்கு 40 நிமிடம் போகும். எழுத 10, நடுவில் எழுந்து நடக்க 10, எஞ்சிய 30 நிமிடம் கேள்விக்கும் பேச்சுக்கும். 10 பேரைச் சேர்த்தால் கடைசி இருவர் பேசும்போது மற்றவர்களின் காது களைத்திருக்கும். அந்த இருவரும் அதை உணர்ந்து, "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று முடித்துக்கொள்வார்கள். ஆகவே ஒன்பதாவது ஆள் வந்தால் வட்டத்தை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு செய்தோம். தொடங்குபவர் வாரந்தோறும் மாற வேண்டும். அடுத்தவரை நோக்கி வலப்பக்கமாகவே சுற்று போகட்டும். யாருக்கும் "வேண்டாம், அடுத்தவர்" என்று சொல்லும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது.

பேசத் தொடங்குமுன் எல்லோரும் 10 நிமிடம் தனித்தனியே எழுதுவதை இந்த ஆண்டு கட்டாயமாக்கினோம். எழுதப் படிக்க இயலாதவர்கள் படமாகவோ கோடாகவோ குறித்துக்கொள்ளலாம். இதற்கு வலுவான காரணம் உண்டு. பலர் ஒன்றாகக் கூடி நினைவுகூரும்போது, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே நினைவுகூர்ந்து தொகுத்தால் வருவதைவிடக் குறைவாகவே வருகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஒருவர் சொல்லும் வரிசை மற்றவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த வரிசையை அறுத்துவிடுகிறது. நம் வட்டத்தில் இது இன்னொரு உருவிலும் வந்தது. முதல் ஆள் தாயைப் பற்றிப் பேசினால் அன்று எட்டுப் பேரும் தாயைப் பற்றியே பேசினார்கள். முன்கூட்டி எழுதிய தாள் மடியில் இருந்தால் இந்த இழுப்பு நிற்கிறது.

ஒவ்வொருவரும் நன்றிக்குரியவற்றைச் சொல்லும் நன்றிச் சுற்றை முதலில் வாரம் மூன்று முறை என்று வைத்திருந்தோம். இரண்டாம் மாதமே சலித்துவிட்டது. "குடும்பம், உடல்நலம், பிள்ளைகள்" என்று வாய் தானாகச் சொல்லும், மனம் வேறெங்கோ இருக்கும். இது உறுப்பினர்களின் குறையல்ல. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005இல் எழுதியதில், வாரம் ஒரு முறை நன்றிக்குரியவற்றை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குக் கூடவில்லை என்று உள்ளது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்விலும், ஒரு பகுதியில் வாரம் ஒரு முறை, அதிகபட்சம் 5 என்றே எழுதவைத்தார்கள். ஆகவே வாரம் ஒரு சுற்று, ஒருவர் மூன்றுக்கு மேல் சொல்வதில்லை என்று மாற்றிக்கொண்டோம். அதிலும் ஒன்றை மட்டுமே விரித்துச் சொல்ல வேண்டும்.

விரித்துச் சொல்வதற்கு நான்கு கேள்விகளை அட்டையில் எழுதி நடுவே வைக்கிறோம்: யார்? எப்போது? சரியாக என்ன செய்தார்? அது நடக்காமல் போயிருந்தால்? "அக்காவுக்கு நன்றி" என்பது காற்றில் போகும். "காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் அக்கா என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள், எனக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை" என்பது கேட்பவரின் மனத்திலும் தங்கும். நான்காம் கேள்விதான் மிகவும் வேலை செய்கிறது. ஒரு நல்லது நடக்காமல் போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்கு, அது நடந்த கதையை எழுதியவர்களைவிட மனம் அதிகம் தெளிந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. பழகிப்போனதன் மேல் படிந்த தூசியைத் துடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே செயற்குழு உறுதியாக நிற்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்களிடம் நன்றி கேட்பது பல நேரம் வாயடைக்கும் வழியாக இருக்கிறது. உரிமையாக வர வேண்டியதைச் சலுகை போலக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பது நாம் எல்லோரும் அறிந்தது. கடன்பட்ட உணர்வு வேறு, நன்றி வேறு. கடன் நெஞ்சில் பாரமாக அமரும், திருப்பித் தரும்வரை உறுத்தும். நன்றி தளர்த்தும். ஆகவே "உன்னைவிட மோசமாக இருப்பவர்களைப் பார்", "அதாவது கிடைத்ததே" போன்ற சொற்களை வட்டத்தில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று விதி வகுத்தோம். குறையையும் அதே சுற்றில் சொல்லலாம். அண்மையில் இழப்பைச் சந்தித்தவரிடமும், வீட்டில் அடியும் மிரட்டலும் அனுபவிப்பவரிடமும் நன்றியைப் பற்றிக் கேட்பதே இல்லை. அவருக்கு வேண்டியது பாதுகாப்பும் துணையும். உதவி எண்களின் பட்டியல் எப்போதும் ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்க வேண்டும். சுற்றில் யாராவது உடைந்து அழுதால், அமர்வு முடிந்தபின் அவருடன் தங்கியிருந்து வீடுவரை செல்லும் ஒருவரை முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும். அழும்போது தோளைத் தொடுமுன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நினைவு அமர்வுகளில் கேள்விதான் எல்லாம். "மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டால் அறை மௌனமாகிவிடுகிறது. கேள்வி பெரிதாக இருக்கிறது, தகுதியான விடையைத் தேடித் தேடி ஆள் களைத்துப்போகிறார். மாறாக, "வளர்ந்த வீட்டில் நீங்கள் எங்கே படுத்துத் தூங்கினீர்கள்? தலைமாட்டில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். இந்த ஆண்டு மிக நன்றாக அமைந்தது வீட்டு வரைபடம். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், 15 நிமிடம். வளர்ந்த வீட்டின் சுவர், கதவு, சன்னல், தண்ணீர் இருந்த இடம், ஒளிந்துகொள்ளும் மூலை ஆகியவற்றை வரைய வேண்டும். அழகோ அளவோ முக்கியமில்லை. பிறகு வாசலிலிருந்து விரலால் நடந்து காட்டியபடி பேச வேண்டும். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ அங்கே கதை இருக்கிறது. பலமுறை வீடு மாறியவர்கள் ஒரே வீட்டைத் தேர்ந்துகொள்ளலாம். வீட்டை நினைக்கவே விரும்பாதவர்கள் பள்ளியையோ தெருவையோ வரையட்டும், இந்த மாற்றை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம்.

மூத்தவர்களிடம் பேசும்போது, சுமார் 10 முதல் 30 வயதுவரையான காலத்தைக் கேட்டால் பேச்சு பெருகி வரும். வாழ்வின் அந்தப் பகுதி நினைவில் அடர்த்தியாகப் பதிகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் கண்டது. மணம் எழுப்பும் நினைவுகள் பெரும்பாலும் அதற்கும் முந்திய, பத்து வயதுக்குட்பட்டவை. இதற்காகச் சிறு மூடிப் புட்டிகளில் சோப்புத் துருவல், பென்சில் சீவல், பழைய புத்தகத் தாள், ஈரமண் என்று வைத்துப் பார்த்தோம். ஓர் அமர்வுக்கு மூன்று புட்டிக்கு மேல் திறந்தால் மூக்கு மரத்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்காகச் செயற்கை வாசனைத் திரவியத்தை விலக்கினோம். மறதி நோய் உள்ளவரிடம் "நினைவிருக்கிறதா?" என்று கேட்பது தேர்வு வைப்பது போலாகிவிடும். பொருளைக் கையில் கொடுத்து, நாம் ஒரு வரி சொல்லி, காத்திருந்தால் போதும்.

ஒருவரின் நினைவை இன்னொருவர் திருத்தக் கூடாது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே காட்டினார். ஒரே நாளை இரு சகோதரிகள் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் குறித்துக்கொள்கிறோம். முதியவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பச் சொல்வது தளர்ச்சியின் அடையாளமல்ல, வாழ்வை ஒழுங்குபடுத்தும் இயல்பான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். அதனால் அதே கதை மூன்றாம் முறை வந்தாலும் "சொன்னீர்களே" என்று வெட்டாமல், முன்பு கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். அப்போது அவர் என்ன உடுத்தியிருந்தார்? அறையில் வேறு யார் இருந்தார்கள்? கதை அங்கிருந்து திரும்பும்.

அன்றாட மகிழ்ச்சி ஏட்டைப் பற்றிப் பெருமையோடு சொல்கிறேன். நாளுக்கு ஒரு வரி. விதிகள் மூன்றே: அன்றே நடந்ததாக இருக்க வேண்டும், ஐம்புலனில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும், அது உங்களுடைய மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. தொடக்க வாரங்களில் ஏடு முழுக்கப் "பிள்ளை சிரித்தது", "அவர் நன்றாகத் தூங்கினார்", "விருந்தினருக்குத் திருப்தி" என்றே வந்தது. அவையும் மகிழ்ச்சிதான். ஆனால் எழுதியவர் அதில் எங்கே? ஆகவே வாரத்தில் குறைந்தது நான்கு வரிகளில் எழுதுபவரின் சொந்த உடம்பு இருக்க வேண்டும் என்றோம். அதன்பின் வந்த வரிகள் வேறு: வெயிலில் காய்ந்த போர்வையின் சூடு. நாள் முழுக்க இறுக்கிய பின்னலை அவிழ்த்ததும் தலையில் ஏறிய காற்று. எல்லோரும் வெளியே போனபின் வீட்டுக்கு வரும் அமைதி. மழை தொடங்குமுன் வரும் இருட்டு. ஊசியில் முதல் முயற்சியிலேயே நூல் நுழைந்தது.

இந்த ஏடு பிசகும் இடங்களும் உண்டு. இரவு படுக்கையில் எழுதினால் தூக்கம் வென்றுவிடுகிறது. ஏற்கெனவே தினம் செய்யும் ஒரு வேலையோடு, விளக்கை அணைப்பதோ கதவைப் பூட்டுவதோ, சேர்த்துவைத்தவர்களுக்கே பழக்கம் நிலைத்தது. விட்டுப்போன நாட்களைப் பின்னால் நிரப்பக் கூடாது, ஊகம் புகுந்துவிடும். இதை யார் அதிகம் எழுதினார்கள் என்ற போட்டி ஆக்கிவிடவே கூடாது. மாதம் ஒரு முறை, விரும்பியவர்கள் ஒரே ஒரு வரியை வட்டத்தில் வாசிக்கிறோம். மகிழ்ச்சியைப் பிறரிடம் சொல்வதே அதை நீட்டிக்கும் வழிகளில் ஒன்று என்று உளவியலாளர்கள் பிரெட் பிரையன்ட், ஜோசஃப் வெரொஃப் இருவரும் எழுதியுள்ளனர். வாசித்த வரிக்குக் கைதட்டல் வேண்டாம், கருத்தும் வேண்டாம். சற்று நேரம் சும்மா இருந்தால் போதும்.

நன்றிக் கடிதம் ஆண்டுக்கு இருமுறை எழுதினோம். ஏறத்தாழ 300 சொல், ஒருவருக்கு மட்டும், அவர் செய்த ஒரு செயல், அது இன்றுவரை என்ன ஆயிற்று என்பது. பிறகு நேரிலோ தொலைபேசியிலோ வாசித்துக் காட்டுவது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் பரிசோதித்தபோது இத்தகைய சந்திப்பு உடனே பெரிய மகிழ்ச்சியைத் தந்தது, அது ஒரு மாதம் நீடித்தது. தினம் மூன்று நல்லவற்றைக் காரணத்தோடு எழுதிய பயிற்சியின் பலனோ ஆறு மாதம்வரை தெரிந்தது. எனவே கடிதம் ஏட்டுக்கு மாற்றாகாது. "அவர் என்ன நினைப்பாரோ" என்ற கூச்சம் பெரும் தடை. 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி நடத்திய ஆய்வில், எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்களுக்குச் சங்கடம் குறைவாகவும் மகிழ்ச்சி அதிகமாகவும் இருந்தது. கடிதத்தின் கடைசியில் உதவி கேட்டுவிடாதீர்கள், முழுக் கடிதமும் அதற்காகத்தான் என்றாகிவிடும். மறைந்தவருக்கு எழுதியதை வட்டத்தில் வாசிக்கலாம்.

குரல் பதிவில் இந்த ஆண்டு ஒரு தவறு நேர்ந்தது. அமர்வில் பேசிய ஒன்று அலைபேசிக் குழு வழியாக வெளியே பகிரப்பட்டது. பேசியவரிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டோம், பதிவையும் நீக்கினோம். இனி ஒப்புதல் இருமுறை: பேசுமுன் ஒன்று, கேட்டுப் பார்த்தபின் ஒன்று. பின்னால் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அழிக்கப்படும். பதிவைக் குழுவில் ஏற்றவே கூடாது. தொழில்நுட்பம் எளியதே: அலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, துணி மேல், வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மேசை மேல் நேராக வைத்தால் வளையல் சத்தம் பேச்சை விழுங்கும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு வடிவில், பதிவுச் செயலியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று அமைத்து, ஒற்றைத் தடமாக (மோனோ) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 எம்பி ஆகும். மூன்று பிரதி, இரு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில்.

பழைய புகைப்படங்களின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பசை ஒட்டும் ஆல்பத்திலிருந்து மெதுவாக எடுத்துவிடுவது நல்லது. வராத படத்தை மட்டும் இழுக்காமல், பக்கத்தோடு படம்பிடித்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது: வட்டத்துக்கு 8 பேர் என்ற வரம்பைச் சங்க விதியில் சேர்ப்பது, இருமுறை ஒப்புதலை எழுத்தில் பெறுவது, இரவுப் பணி செய்யும் உறுப்பினர்களுக்காக ஒரு வட்டத்தைக் காலை நேரத்தில் நடத்துவது. மூன்றாவதைப் பல மாதங்களாகக் கேட்டுவருகிறார்கள், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

ஒவ்வொரு அமர்விலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டும், முடிந்தபின் அடுக்கியும் உதவிய சகோதரிகளுக்கு நன்றி. அமர்வு முடியும்வரை அடுத்த அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தனியே நன்றி. அவர்கள் வட்டத்தில் உட்கார முடியாமல் போன நாட்கள் அதிகம், அந்தப் பொறுப்பு இனி முறைவைத்துச் சுழலும், முதல் மாதப் பட்டியல் இந்த அறிக்கையோடு சுற்றுக்கு விடப்படுகிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்