தீபாவளி ஆர்டர்கள் போய்ச் சேர்ந்தன: மாவு மில் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆர்டர் எடுத்துச் செய்த பலகாரங்களில் கடைசி டப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுப்பு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. அடைமழையில் தண்ணீர் நின்ற அந்த வாரம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் எங்களோடு தண்ணீரில் நின்றவர்கள். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி மாவு மில் அண்ணனுக்கு.

அதிரசத்துக்குக் காய்ந்த அரிசியை அரைக்க முடியாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். அள்ளினால் கையில் ஈரம் படும், ஆனால் சொட்டாது. அந்தப் பதத்தில் எடுத்து உடனே அரைத்தாக வேண்டும். வெயிலில் காயவிட்ட அரிசியின் மாவு, பாகை எல்லாம் குடித்துவிட்டு இறுகிப்போகும்; அதிரசம் கடிக்க முடியாது. ஈரம் கூடிப்போனால் தட்டிப் போட்டது எண்ணெயில் பிரிந்து கரையும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இந்தப் பதத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

அதை அரைத்து வாங்குவது இன்னும் பெரும்பாடு. ஈர அரிசி சல்லடைக் கண்ணை அடைக்கும், மோட்டார் திணறும், அடுத்து வருகிறவரின் மாவில் ஈரக்கட்டி விழும். தீபாவளி நெருக்கத்தில் “ஈர அரிசி எடுக்கிறதில்லை” என்று மில்லில் சொன்னால் அதில் தப்பே இல்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டுமே.

அண்ணன் எடுத்துக்கொண்டார். சற்று முன்புதான் அந்த மெஷினில் மிளகாய் ஓடியிருந்தது. இனிப்பு மாவில் துளிக் காரம் கலந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அவர் சல்லடையைக் கழற்றித் தட்டினார், உள்ளே துடைத்தார், தன் அரிசியிலிருந்து இரண்டு படி எடுத்துப் போட்டு ஓட்டினார். செம்மை போய் வெள்ளை மாவாக விழும்வரை வந்ததை எல்லாம் தனியே ஒதுக்கினார். அதன் பிறகுதான் எங்கள் அரிசி உள்ளே போனது. அதையும் மொத்தமாகக் கொட்டவில்லை. கை கையாகப் போட்டு, மோட்டாரின் சத்தம் கனக்கும்போது நிறுத்தி, மறுபடி போட்டார்.

இவ்வளவும் நாங்கள் கெஞ்சிக் கேட்டது. அடுத்து அவர் செய்ததை யாரும் கேட்கவில்லை.

ஈர மாவு மெஷினிலிருந்து சூடாக விழும். அந்தச் சூட்டோடு தூக்கில் அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப மாவிலேயே சொட்டும். சாயங்காலத்துக்குள் கட்டி தட்டிப் புளிப்பு வாடை வந்துவிடும். பாகில் சேர்த்தாலும் அந்த வாடை போகாது, ஏலக்காயும் சுக்கும் எவ்வளவு தட்டிப் போட்டாலும் மறைக்காது. அண்ணன் உள்ளே போய்த் துவைத்து மடித்து வைத்திருந்த தன் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, மின்விசிறிக்கு அடியில் விரித்து, மாவை அதில் பரப்பினார். நடு நடுவே வந்து விரலால் கோதிவிட்டார். சூடு இறங்கி ஈரம் மட்டும் மிச்சமிருந்த நேரம் பார்த்து, பிடித்தால் பிடி நிற்கிறதா என்று சோதித்து, தூக்கில் அள்ளிப் போட்டார். வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. கூலி வழக்கமான கூலிதான் வாங்கினார், ஓட்டின அரிசியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அண்ணே, அந்த மாவுதான் இந்தத் தீபாவளியைக் காப்பாற்றியது. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம் என்று கணக்கு சரியாக இருந்தாலும், பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு மெத்தென்று உருண்டாலும், மாவு கெட்டிருந்தால் எல்லாம் வீண். உங்கள் மாவு பாகை வாங்கிக்கொண்டு, முதலில் தளர்ந்து, ஆற ஆறச் சேர்ந்து வந்தது. மேலே நெய் தடவித் துணி கட்டி வைத்து, ஊறிய பின் தட்டினோம். ஒன்றுகூடப் பிரியவில்லை. நல்ல அதிரசம் என்று ஊரே சொல்கிறது. சொல்கிறவர்களுக்கு அந்த வேட்டியைப் பற்றித் தெரியாது, அதனால்தான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறோம்.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது என்பதால் தன் இருப்பிலிருந்த 19 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த டீக்கடை மாமா. பிரின்டர் நனைந்துபோனதும் சேர்மானம், தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண் என்று ஒவ்வொரு லேபிளையும் அச்சு மாதிரிக் கையால் எழுதித் தந்த ஓய்வுபெற்ற டீச்சர். தார்ப்பாய் போர்த்தி ஒரு டப்பாகூட நனையாமல் சேர்த்த ஆட்டோக்காரத் தம்பிகள். முறுக்கு நாழியும் உருளியும் தந்த தெரு அக்காமார்கள். அதிலும் ராத்திரி பாக்கெட் போட உட்கார்ந்த அத்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்கில் ஆவி முழுக்க அடங்காமல் பாக்கெட் போட்டால் காலைக்குள் நமத்துவிடும். தூக்கம் கண்ணைக் கட்டியும் ஒருவர்கூட அவசரப்படவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கும், மைசூர்பாகுக்குப் பதில் தேங்காய் பர்பி போதும் என்று சொன்னவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

வருகிற தீபாவளிக்கு ஒன்று உறுதி சொல்கிறோம். அதிரச ஆர்டரைப் பத்து நாள் முன்னதாகவே முடித்துக்கொள்வோம். ஈர அரிசியைக் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கொண்டுவருவோம். மெஷினை ஓட்டித் துடைக்கிற அரிசி எங்களுடையதாக இருக்கும், விரிக்கிற துணியும் எங்களுடையதாக இருக்கும். அண்ணனுக்குப் புது வேட்டி கார்த்திகைக்கு முன் வந்து சேரும், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துத் தயாராக இருக்கின்றன. அடியில் பேர் வெட்டியிருப்பவற்றை ஆளுக்குக் கொஞ்சம் முறுக்கு போட்டு நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம். பேர் இல்லாமல் ஒரு பித்தளைத் தாம்பாளமும், பிடி தளர்ந்த ஒரு ஜல்லிக்கரண்டியும் இருக்கின்றன. உரியவர்கள் சொல்லியனுப்புங்கள், கரண்டிக்குப் பிடி போட்டுத் தருகிறோம்.