யாழ். மாவட்ட பஸ், ரயில் சேவைகளைக் கண்காணிக்கப் பயணிகளும் அமரும் குழுவொன்றை அமைத்துத் தரக் கோரும் மனு

மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
வடக்கு மாகாணம்,
ஆளுநர் செயலகம்,
பழைய பூங்கா, யாழ்ப்பாணம்.

ஐயா,

நான் வரணியில் வசிப்பவள். யாழ். நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. காலையில் கொடிகாமம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு பஸ். பின்னேரம் அதே வழியில் திரும்பி வருகிறேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் நாளாந்தம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூடிய பயணிகளின் கையொப்பங்களோடு, அவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். புதிய பஸ்ஸோ, புதிய ரயிலோ, புதிய கட்டிடமோ நாங்கள் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்க அனுமதியுங்கள். சென்ற வருடம் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை முடித்த என் அம்மாவை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு 71 வயது, ஒரு கண்ணில் கட்டு. கொடிகாமத்தில் இறங்கி வரணிக்குப் பருத்தித்துறை பஸ் பிடிப்பது எங்கள் வழக்கம். வடமராட்சியின் ஒரு பக்கத்துச் சனம் எல்லாம் அப்படித்தான். அன்றைக்கு ரயில் 40 நிமிடம் பிந்திவிட்டது. ஒரு கையில் பை, மறு கையில் அம்மா என்று சந்திக்கு வந்து சேர்ந்தபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. தேங்காய் வியாபாரம் செய்யும் பெடியனிடம், "தம்பி, பருத்தித்துறை பஸ் போட்டுதோ?" என்று கேட்டேன். "இப்பத்தான் அக்கா வெளிக்கிட்டது. அடுத்தது இனி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான்." எங்களோடு ரயிலால் இறங்கியவர்கள் இருபது பேராவது இருக்கும். கையில் காசிருந்தவர்கள் ஓட்டோ பிடித்தார்கள். நானும் ஆயிரத்து இருநூறு ரூபா கொடுத்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மற்றவர்கள் சந்தைச் சுவரோரம் குந்தியிருந்தார்கள்.

அடுத்த கிழமை அந்த பஸ் சாரதியையே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, எங்களுக்கு நேரம் தந்திருக்கினம். அஞ்சு நிமிசம் பிந்தினா பின்னால வாறவன் சண்டைக்கு வருவான். ரயில் பிந்துதெண்டு எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். பஸ் தன் நேரத்துக்குப் போனது. ரயில் பிந்தும் என்பது நிலையத்தில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், சந்தியில் யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் இருபது பேர் நடுத்தெருவில் நின்றோம். யாரைக் குற்றம் சொல்வது என்று யோசித்து யோசித்துத்தான் இந்த மனு எழுத வந்தேன்.

ஐயா, பஸ்ஸுக்குப் பொறுப்பாளர் இருக்கிறார், ரயிலுக்கும் இருக்கிறார். பயணத்துக்குத்தான் ஒருவரும் இல்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி தருவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. 87ஆம் இலக்கக் கொழும்பு பஸ் போன்ற மாகாணங்களுக்கு இடையிலான சேவைகள் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் டிப்போக்கள் யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் காரைநகரிலும் இருந்தாலும் தலைமையகம் கொழும்பில். ரயில் திணைக்களமும் அங்கேதான். ஏ9 வீதியோரத்தில் ஒரு தரிப்பிடக் கூரை வேண்டுமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் பிரதேச சபையையும் கேட்க வேண்டும். நான் வரணியிலிருந்து நகரத்துக்குப் போகும் ஒரு காலை நேரத்துக்குள் இத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு முறைப்பாட்டோடு போனால் ஒவ்வொருவரும் அடுத்தவரின் வாசலைக் காட்டுகிறார்கள்.

இது எப்படி வந்தது என்பதும் எங்களுக்கு விளங்காமல் இல்லை. 1956இல் கொழும்பு ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் ரயில் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றும் தட்டிவான்காரரும் நிலைய வாசலில் காத்து நின்றார்கள் என்று அம்மா சொல்லுவா. 1990 ஜூனில் ரயில் நின்றது. 2014 ஒக்டோபர் 13இல்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடைப்பட்ட 24 வருடத்தில் இங்கே பஸ் வழிகளும் நேரங்களும் ரயில் என்ற ஒன்று இல்லாத ஊரில் உருவானவை. தண்டவாளத்தைத் திரும்பப் போட்டார்கள், நிலையங்களைக் கட்டினார்கள். பஸ் நேரத்தை ரயிலோடு சேர்த்து வைக்கும் வேலை மட்டும் ஒருவர் தலையிலும் விழவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் எல்லாரும் தவித்தபோது முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் யாழ்ராணி என்ற ரயில் தொடங்கியது. தேவை வந்தால் உள்ளூர்ப் பயணிக்கென்று ஒரு ரயிலை நேரம் பார்த்து விடலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கொக்குவில், இணுவில், சுன்னாகம் நிலையங்களில் இறங்குகிறவருக்கு அங்கிருந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்ல ஒரு பலகையாவது இருக்க வேண்டாமா?

நெடுந்தீவுப் படகுகள் வந்து சேரும் குறிகட்டுவான் இறங்குதுறையைப் பாருங்கள். நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர் கடல் கடந்து, பஸ் ஏறி, தீவகத்து வீதி முழுக்க ஆடி அசைந்து பண்ணைப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து இலக்கம் எடுக்க வேண்டும். திரும்பும்போது பஸ் பிந்தினால் படகு போய்விடும். படகு போனால் அன்றைய இரவு யாராவது உறவினர் வீட்டுத் திண்ணைதான். எனக்குத் தப்பியது ஒரு பஸ், ஒரு மணித்தியாலம். அவர்களுக்குத் தப்பினால் ஒரு நாள். இந்தக் கோரிக்கையில் முதல் உரிமை தீவக மக்களுக்கே என்று எங்கள் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்துதான் தீர்மானித்தோம்.

பஸ்களின் ஓட்டப் போட்டியையும் சொல்லாமல் விட முடியாது. பின்னால் வரும் பஸ் கண்ணாடியில் தெரியும் வரைக்கும் ஆமை வேகம். ஒவ்வொரு படலையிலும் நிறுத்தி, "உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்று அடைவார்கள். பின்னால் வருவது தெரிந்ததும் பறப்பு. அப்போது தரிப்பிடத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளையோ பொல்லூன்றிய கிழவரோ அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இது சாரதியின் குணக்கேடு மட்டுமல்ல. அன்றைய ரிக்கற் காசில் அன்றைய கூலி என்று இருக்கும் வரைக்கும் ஓடத்தான் செய்வார்கள். யாழ். நகரில் இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நிலையத்திலிருந்து இணைந்த நேர அட்டவணையில் ஓடுவதா என்ற தகராறு, நெடுந்தூர பஸ் நிலையம் கட்டித் திறந்த பிறகும் ஓயவில்லை. பணிப்புறக்கணிப்பு நடக்கும், பேச்சுவார்த்தை நடக்கும். அந்த மேசையில் பயணி ஒருவருக்குக் கதிரை போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் வழியின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, மரியாதையாகத்தான் தந்தார்கள். அதன்படி இரவு ஏழு மணிக்குப் பிறகும் ஒரு பஸ் இருக்கிறது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கொப்பியில் குறித்தேன். அந்தக் கடைசி பஸ் வராத நாட்கள்தான் வந்த நாட்களை விடக் கூட. கடையைப் பூட்டிவிட்டு வரும் பெண்களுக்கு அந்த ஒரு பஸ் எவ்வளவு பெரியது என்பதைத் தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் பஸ் வீதியில் இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை?

ஆகவே எங்கள் கோரிக்கை இது. யாழ். மாவட்டத்துக்கென ஒரு பயணிகள் போக்குவரத்துக் கண்காணிப்புக் குழுவைத் தாங்கள் ஒரு சுற்றறிக்கையின் மூலம் அமைத்துத் தர வேண்டும். மாகாண அதிகார சபை, இ.போ.ச. பிராந்திய முகாமை, தனியார் பஸ் சங்கங்கள், உள்ளூராட்சி சபைகள் அதில் இருக்கட்டும். ஆனால் கதிரைகளில் பாதியாவது பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவர்களுக்குத் தர வேண்டும். தீவகத்தவர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வேலைக்குப் போகும் பெண்கள், சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். குழு மாதம் ஒரு முறை கூட வேண்டும். அன்றைக்கு உறுப்பினர்கள் பஸ்ஸில் வந்தால் இன்னும் நல்லது.

வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவது அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். ரயில் அப்படியல்ல, தங்களால் அதற்குக் கட்டளை இட முடியாது என்பதையும் அறிவோம். கட்டளை வேண்டாம், அழைப்பு போதும். யாழ். நிலையத்தின் பொறுப்பதிகாரி ஒருவர் கூட்டத்தில் அமர்ந்து, ரயில் பிந்தும் நாளில் கொடிகாமம் சந்தியின் நேரக்கணிப்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க ஒழுங்கு செய்தாலே எங்கள் பாதித் துன்பம் தீரும்.

குழு முதலில் செய்ய வேண்டியதையும் யோசித்து வைத்திருக்கிறோம். ரயில், படகு, பஸ் மூன்றின் நேரமும் ஒரே தாளில் தமிழில் அச்சாகி, நிலையங்களிலும் இறங்குதுறைகளிலும் ஒட்டப்பட வேண்டும். ஓடாத சேவைகளின் பட்டியல் மாதந்தோறும் வெளிவர வேண்டும். ஒரு பயணியின் முறைப்பாட்டுக்கு 14 நாளுக்குள் எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும். இலாபம் இல்லாத இரவு வழிக்கும் கிராம வழிக்கும் பணம் எங்கே என்று கேட்பார்கள். அதற்கென்றே நிசி செரிய, கெமி செரிய என்ற மானியத் திட்டங்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய இருப்பது போலத்தான். எந்த வழிக்கு அவை வேண்டும் என்று இங்கிருந்து கணக்கோடு கேட்பதற்கு ஒரு குழு வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசலாமே என்று சிலர் சொல்வார்கள். அங்கே காணி, கடல், குளம், குடிநீர் என்று ஆயிரம் அலுவல். பஸ்ஸின் முறை வரும்போது மதியச் சாப்பாடும் வந்துவிடும். மாகாண சபை வரட்டும் என்றும் சொல்வார்கள். 2013இல் தெரிவான சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டாவது தொடங்கலாம். சென்னையில் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவர 2010இல் சட்டம் இயற்றினார்கள், அதன்படி அமைந்த குழுமத்தின் முதற் கூட்டம் கூடியது 2022இல். நாங்கள் சட்டம் கேட்கவில்லை ஐயா, கூட்டத்தைத்தான் கேட்கிறோம்.

அம்மாவுக்கு மற்றக் கண்ணும் செய்ய வேண்டும் என்று வைத்தியர் நாள் கொடுத்திருக்கிறார். திரும்பி வரும்போது கொடிகாமத்தில்தான் இறங்குவோம். அதற்கு முன் இந்த மனுவுக்கு ஒரு பதிலும், குழுவின் முதற் கூட்டத்துக்கு ஒரு திகதியும் தந்துதவுமாறு பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொடிகாமம் – பருத்தித்துறை வீதிப் பயணிகள் சார்பில்
(கையொப்பம்)

இணைப்பு: பயணிகளின் கையொப்பங்கள்; கடைசி பஸ் பற்றிய ஒரு மாதக் குறிப்புக் கொப்பியின் பிரதி.

பிரதிகள்: அரசாங்க அதிபர், யாழ். மாவட்டம்; தலைவர், வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை; பிராந்திய முகாமையாளர், இ.போ.ச.; நிலைய அதிபர், யாழ்ப்பாணப் புகையிரத நிலையம்.