தமிழ் இதழ் ஆசிரியர்களுக்கு: கார்ட்டூனிஸ்டுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

மே 5 உலக கார்ட்டூனிஸ்டுகள் தினம். வருஷா வருஷம் அன்றைக்கு உங்களில் சிலர் வாழ்த்துச் சொல்கிறீர்கள், பழைய கார்ட்டூன் ஒன்றிரண்டைத் தேடி எடுத்துப் போடுகிறீர்கள். அதை ஆசையாகப் பார்க்கிற வாசகர்களில் நானும் ஒருவன். ஆனால் மிச்ச நாட்களில் உங்கள் பத்திரிகையில் கார்ட்டூனுக்கு இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி. அதை வரைகிறவர்களிடம் கேட்டுப் பயனில்லை. நல்ல கார்ட்டூன் பாதி அவர்கள் கையில் என்றால் மீதி உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி போட்டது யார் என்று பாருங்கள். பாரதி. அவர் ஓவியர் இல்லை, உங்களைப் போல ஒரு பத்திரிகையை நடத்தியவர். 1906ல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில், வெள்ளைக்கார அரசாங்கத்தையும் மிதவாதிகளையும் விளாசுகிற படங்களைத் தூக்கி முகப்பிலேயே வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர் இருந்த காலம், படம் என்றால் பார்த்தவுடன் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1908ல் வழக்கு வந்தது, ஆசிரியர் என்று பதிவில் பெயர் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார். போன இடத்திலும் இதழை விடவில்லை, 1910 வரை அங்கிருந்து கொண்டுவந்தார், கார்ட்டூனோடுதான்.

அப்புறம் 1987. ஆனந்த விகடன் அட்டையில் வந்த அந்த ஜோக் உங்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும். மேடையில் இரண்டு பேர், அதில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. யார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் சட்டமன்றத்துக்குக் கோபம் வந்தது, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார், மூன்று மாதம் கடுங்காவல் என்று தீர்மானம் போட்டுச் சிறையில் தள்ளினார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். அதோடு போகட்டும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை, வழக்குப் போட்டார், அந்தக் கைது தவறு என்று உயர் நீதிமன்றத்தைச் சொல்ல வைத்து, அடையாளத்துக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். ஒரு சின்ன ஜோக்குக்காக ஆசிரியரே ஜெயிலுக்குப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. தன்னுடைய ஆசிரியர் இப்படி நிற்பார் என்று தெரிந்தால் எந்த ஓவியருக்கும் கை நடுங்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தது. குழந்தைகளும் அதில் இறந்தார்கள். கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்தார். தரையில் எரிந்துகொண்டிருக்கும் குழந்தை, சுற்றி நின்று பணக்கட்டால் உடம்பை மறைத்துக்கொள்ளும் முதல்வர், ஆட்சியர், போலீஸ் கமிஷனர். பார்க்கவே சங்கடமான படம்தான். நடந்தது அதைவிடச் சங்கடமானது. நவம்பர் 5ஆம் தேதி சென்னையில் வீடு தேடி வந்து கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அப்போது அவர் எந்தப் பத்திரிகையின் சம்பளப் பட்டியலிலும் இல்லை, ஃபேஸ்புக்கில்தான் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். அது உங்களில் ஒருவரின் முதல் பக்கத்தில் வந்திருந்தால் அவர்கள் வந்து நின்றிருக்க வேண்டிய வாசல் வேறு இல்லையா?

2025ல் மறுபடி விகடன். ட்ரம்ப் பக்கத்தில் கை கால் விலங்கோடு பிரதமர் மோடி உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இணைய இதழின் அட்டையில் ஒரு கார்ட்டூன். அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பிய நேரம் அது. பிப்ரவரி 15ஆம் தேதி விகடன் தளமே முடக்கப்பட்டது. ஒரு படம் பிடிக்கவில்லை என்பதற்காக, வருஷக்கணக்காகச் சேர்ந்த செய்திகள் மொத்தமும் வாசகனுக்குத் திறக்கவில்லை. நிர்வாகம் நீதிமன்றம் போனது, மார்ச் 6ஆம் தேதி தடையை விலக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதுவும் அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் பத்திரிகை வரைந்தவரைத் தனியாக விடவில்லை. அந்த வாரங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான்.

ஒரு கார்ட்டூன் எவ்வளவு செய்யும் என்பதற்கு எமர்ஜென்சி காலத்துப் படம் ஒன்று போதும். 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாம் வரைந்தது. குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருக்கிறார். கதவு லேசாகத் திறந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வெளியே நீட்டுகிறார், இன்னும் அவசரச் சட்டம் ஏதாவது இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். அவ்வளவுதான். தணிக்கை அமலில் இருந்த நேரம். பக்கம் பக்கமாகத் தலையங்கம் எழுத முடியாமல் கிடந்த நாட்டில், அரசியல் சட்டம் என்ன கதிக்கு வந்துவிட்டது என்பதை அந்த நீட்டிய கை சொல்லிவிட்டது. இன்றைக்குப் பார்த்தாலும், அந்தக் காலம் தெரியாத கல்லூரிப் பிள்ளைக்குக்கூட இரண்டு வரியில் விளக்கிவிடலாம்.

இப்போது மீம் இருக்கிறதே, கார்ட்டூன் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மீம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் கையெழுத்து இல்லை, யார் போட்டார், யார் காசில் போட்டார் என்று தெரியாது. கார்ட்டூனின் மூலையில் ஒரு பெயர் இருக்கிறது. இது என் கருத்து, இதற்கு நான் பொறுப்பு என்று ஒரு ஆள் நிற்கிறார். தினமணியில் மதி, விகடனில் மதன் என்று நாம் தேடித் தேடிப் பார்த்தது அந்தப் பெயரை நம்பித்தான். தஞ்சாவூர்க்காரர் கோபுலு வரைந்த வீட்டுத் திண்ணையையும் ரயில் பெட்டியையும் பார்த்தால் வசனமே வேண்டாம், முகங்களே பேசும். துக்ளக்கின் முதல் இதழ் அட்டையில் இரண்டு கழுதைகளை நிறுத்திவைக்கிற தைரியம் சோவுக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவை இதழை நடத்திய சுந்தர் இன்னும் ஒருபடி மேலே, ஆசிரியரும் அவரே, கார்ட்டூனிஸ்டும் அவரே. பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போனவர், ஊருக்கு வந்து சவாரித்தம்பர், மிஸிஸ் டாமோடிரன் என்ற கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து ஒரு சமூகத்தையே தன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கார்ட்டூனிஸ்டை மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு எடுங்கள். படத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டிருந்தால், எது உங்களைச் சங்கடப்படுத்தாதோ அதைத்தான் அவர் வரைந்து அனுப்புவார், வீட்டு வாடகை கட்ட வேண்டுமே. காலைக் கூட்டத்தில் செய்தியாளர்களோடு அவரையும் உட்கார வையுங்கள். விளம்பரம் வந்துவிட்டால் முதலில் தூக்குகிற சதுரமாக அவருடைய இடம் இருக்கக் கூடாது. ஒரு படத்தை நிறுத்துவதாக இருந்தால் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், அவராக ஊகித்துப் பயந்துபோக விடாதீர்கள். வழக்கு வந்தால் வக்கீல் செலவு பத்திரிகையுடையது என்று வேலைக்குச் சேரும்போதே எழுதிக் கொடுங்கள்.

நிறுத்த வேண்டியதை நிறுத்துவதும் உங்கள் வேலைதான். பெண் தலைவர் என்றால் உடம்பைக் கேலி செய்வது, எதிர்க்கட்சிக்காரர் என்றால் அவர் சாதியையும் நிறத்தையும் இழுப்பது, இதெல்லாம் தமிழில் நிறையவே வந்திருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் செய்த காரியத்தை விட்டுவிட்டுப் பிறப்பைத் தொடுகிற படத்துக்குக் கருத்துச் சுதந்திரம் என்று பெயர் வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஆசிரியர் சொல்கிற ‘வேண்டாம்’ எனக்குச் சம்மதம்.

கடைசியாக ஒன்று. கேரளத்தில் காயங்குளம் பக்கம் கிருஷ்ணபுரத்தில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் கார்ட்டூனுக்கென்றே தனிக் காட்சிக்கூடம் நடத்துகிறார்கள். நம் பக்கம் அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்து பைண்ட் செய்த தொகுதிகளில் பல வருஷத்துக் கார்ட்டூன்கள் கிடக்கின்றன. வரைந்தவர் பெயர், வெளிவந்த தேதி, என்ன செய்தியை ஒட்டி வந்தது என்ற ஒரு வரி, இவற்றோடு ஸ்கேன் செய்து யாரும் பார்க்கும்படி இணையத்தில் வையுங்கள். தேதியும் செய்தியும் இல்லாத அரசியல் கார்ட்டூன் அடுத்த தலைமுறைக்குப் புரியாது. அந்தச் செய்தியை நினைவு வைத்திருக்கிற மூத்த ஓவியர்களும் உதவி ஆசிரியர்களும் இப்போது நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இந்த வருஷமே.

அன்புடன்,
உங்கள் வாசகன்