ஆல்பத்தில் புதன்கிழமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போனில் குவிந்து கிடக்கும் படங்களை என்ன செய்வது என்று சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடச் சொல்லியிருந்தது. அந்த 'மற்றது' பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். திருநெல்வேலி - பாபநாசம் தடத்தில்தான் அதிக வருஷம் ஓடினேன். 2016-ல் அம்மா தவறியபோது மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் கல்யாண ஆல்பம் மூன்று, காதுகுத்து ஆல்பம் ஒன்று. எல்லாவற்றிலும் அம்மா யாருக்காவது பின்னால் நிற்கிறாள். ஒன்றில் மட்டும் முகம் முழுசாகத் தெரிந்தது. ஸ்டுடியோவில் அதை வெட்டியெடுத்து, யாருடையதோ பட்டுச்சேலையைக் கம்ப்யூட்டரில் பொருத்திக் கொடுத்தார்கள். கடைசிவரை நூல்சேலைதான் கட்டினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் அடுத்தவர் தோளோடு இருக்கிறாள்.

அப்புறம்தான் ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் பாக்கெட் வைத்த சாதாரண ஆல்பம், பக்கத்துக்கு இரண்டு பாக்கெட். வாரம் ஒரு படம், புதன்கிழமை மட்டும். வேலையில் இருந்தபோது எனக்கு அன்றுதான் வார விடுப்பு. மேல் பாக்கெட்டில் படம், கீழே அஞ்சலட்டை. 50 காசுக்கு வாங்கிய அட்டை, 14 செ.மீ.க்கு 9 செ.மீ., நாலுக்கு ஆறு அங்குலப் பாக்கெட்டில் கொஞ்சம் ஆட்டத்தோடு உட்கார்ந்துகொள்ளும். ஒரு அட்டையில் இருப்பது இது: "மோட்டார் ரிப்பேர். பக்கத்து வீட்டிலிருந்து எட்டுக் குடம். இவள் முருங்கைக்கீரை உருவினாள், நான் சும்மா இருந்தேன்." மேலே, புறவாசலில் கிடந்த துவைக்கிற கல்லின் படம்.

"இதையெல்லாமா பிரிண்ட் போடுவீங்க?" என்று மகன் சிரித்தான். போன வருஷம் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு வாஷிங் மெஷினுக்கு மேடை கட்டினோம். அம்மா துவைத்த கல். இந்தப் பொங்கலுக்கு வந்தவன் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

தொழில் புத்தி போகுமா? டிக்கெட்டுகளையும் செருகி வைத்தேன். நாங்கள் கிழித்துக் கொடுத்த பழைய அச்சு டிக்கெட் எழுத்து அழியாமல் இருக்கிறது. மெஷின் டிக்கெட்டோ கொஞ்ச நாளில் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. அதில் மையே கிடையாது, சூட்டில் கறுக்கிற தாள். இப்போதெல்லாம் ஊரையும் கட்டணத்தையும் அட்டையிலேயே எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் வந்தபோது ஆல்பங்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. பாக்கெட்டிலேயே காயவிட்டால் படம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு உருவி, நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கிறாற்போல் நிழலில் பரப்பினோம். லேபில் போட்ட பிரிண்ட்டுகள் அநேகமாகப் பிழைத்துவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய அட்டைகளும் தப்பின. பேத்தி கொடுத்த ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் குழம்பு. கல்யாண ஆல்பங்களில் இரண்டு, பசைத்தாளில் படத்தை ஒட்டுகிற வகை. அவை மொத்தமாகப் போயிற்று.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கி மங்கலாக விழும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சரியாக வரும். ஒற்றைப் படத்துக்கு ஸ்டுடியோவில் முகம் சுளிக்கிறார்கள் என்பதால் நான் மாதத்துக்கு நாலைந்தாகச் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இந்தப் புதன்கிழமைப் படத்தில் என் மனைவி அகப்பையோடு நிற்கிறாள், கண் மூடியிருக்கிறது. உங்கள் கட்டுரையை அவளும் படித்திருந்தாள் போல. "இதை அழிச்சிருங்க" என்று கையை நீட்டினாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.