முதலில் வினாத்தாளை மாற்றுங்கள், அப்புறம் எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு, இங்கே வேதியியல் நடத்தும் ஒரு ஆசிரியரின் வணக்கம்.

புதுமைக் கற்பித்தல் என்று எங்களுக்குப் பயிற்சி மேல் பயிற்சி நடத்துகிறீர்கள். நல்லதுதான், நானும் ஆர்வமாகவே போகிறேன். ஆனால் திரும்பி வந்து வகுப்பில் நின்றால் 75 மதிப்பெண் செமஸ்டர் தேர்வுக்கு, 25 இன்டர்னலுக்கு, அந்த 75-க்கும் வருவது பழைய வினாத்தாளில் இருந்த அதே கேள்விகள். அரியர் விழுந்துவிடுமோ என்று பயந்து கிடக்கும் பிள்ளையிடம் 'வா, யோசித்துப் பார்க்கலாம்' என்றால் எப்படி வரும்?

எங்கள் லேபில் நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு பார்க்கும் சோதனை உண்டு. நாங்களே கலந்து வைத்த கரைசலில் பியூரெட் குழாயிலிருந்து இடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒயின் சிவப்பு நீலமானதும் ரீடிங் எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. ஒரு முறை வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க ஊர் தண்ணி நல்ல தண்ணி சார், சோப்பு நல்லா நுரைக்கும்" என்றாள். சரிதான், கடினத்தன்மை குறைவாகத்தான் வந்தது. ஆனால் ஃபுளோரைடு கிட்டில் ஊற்றியதும் இளஞ்சிவப்பு போய் மஞ்சளாகிவிட்டது. குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையும் தாண்டிய அளவு. கால்சியம் குறைந்த நீரில்தான் பெரும்பாலும் பாறையின் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்கும். ஒரு உப்பின் ஒரு அயனி குறைந்தால் மற்றது அதிகமாகக் கரைந்து நிற்க முடியும் என்ற கணக்கு இது, கரைதிறன் பெருக்கம் என்று போர்டில் எழுதிப் போட்டபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்காத அதே பாடம். அன்று பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் வீட்டில் எதைக் குடிக்கிறோம் என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம்.

அதற்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த வாரம் மாடல் எக்ஸாம், எல்லோரும் கைடைப் பிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்களைச் செய்ய வைத்து நடத்தும் வகுப்பு பலன் தருமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரையைப் பாருங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் வெறும் விரிவுரை கேட்டவர்களில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோற்றார்கள், ஈடுபட்டுப் படித்தவர்களில் 22. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த நம் மாவட்டங்களில் இந்த வித்தியாசம் எத்தனை குடும்பங்களின் கதை என்று யோசியுங்கள்.

செய்முறைத் தேர்வில் ஒரு சோதனையாவது மாணவர் தன் ஊரிலிருந்து கொண்டுவரும் மாதிரியில் நடக்கட்டும். செமஸ்டர் வினாத்தாளில், கையில் கொடுத்த அளவீடுகளைப் பார்த்துக் காரணம் எழுதும் ஒரு பத்து மதிப்பெண் கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். இதைத் தயார் செய்யும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரத்தில் சேருங்கள், முக்கியமாக கௌரவ விரிவுரையாளர்களுக்கு. வாங்குகிற சம்பளத்தில் அவர்கள் தலையில் இதையும் இலவசமாகக் கட்டுவது நியாயமில்லை.

எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம், வேதியியலில் ஒரு செமஸ்டர் செய்து பாருங்கள். மாதிரி வினாக்களை எழுதித் தர நான் தயார், உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அனுப்பி வைக்கிறேன்.