இறைச்சிக்கடை நாடகமும் விடுபட்ட ‘பிளான்ஷெத்’தும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வாழ்க்கையை உள்ளபடியே மேடையில் காட்ட முயன்ற பிரெஞ்சு இயற்பண்புவாத நாடகம் குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். எரிவாயுக் கம்பெனியில் எழுத்தராக இருந்த ஆந்த்ரே ஆந்த்வான் 1887இல் பாரிஸில் ‘சுதந்திர அரங்கு’ தொடங்கியதும், தாயார் வீட்டு மேசை நாற்காலிகளைக் கைவண்டியில் கொண்டுவந்து மேடையில் போட்டதும், மறு ஆண்டு ஓர் இறைச்சிக்கடை நாடகத்துக்கு உண்மையான இறைச்சியையே தொங்கவிட்டதும் சுவையாகச் சொல்லப்பட்டிருந்தன. அந்த இறைச்சியை எழுதாமல் விடுவோர் இல்லை. ஆனால் அதே அரங்கில் 1892இல் மேடையேறிய, எஜேன் பிரியோ எழுதிய ‘பிளான்ஷெத்’ பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலிருந்து எழுதும் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியது.

கதை எளியது. சிற்றூரில் மதுக்கடை வைத்திருக்கும் ரூசே தன் மகள் எலீஸை, வீட்டாருக்குப் பிளான்ஷெத்தை, ஆசிரியைக்கான சான்றிதழ் வாங்கும்வரை படிக்க வைக்கிறார். பிரான்சில் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமும் ஆக்கிய பிறகு, ஆசிரியை வேலை ஏழைவீட்டுப் பெண்களின் பெருங்கனவாயிற்று. சான்றிதழ் பெற்றவர்கள் பெருகினார்கள், பணியிடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கடைச்சுவரில் சான்றிதழை மாட்டி வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிய அதே அப்பன், நியமன ஆணை வராமல் நாள் போகப்போக, மகள் வாடிக்கையாளருக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார். அவளோ உரம் பற்றிப் புத்தகத்தில் படித்ததை அப்பனின் நிலத்தில் பரீட்சிக்கச் சொல்லி, அதுவும் சண்டையில் முடிகிறது. ஒருநாள் அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. ரூசேவாக நடித்தவர் ஆந்த்வானேதான்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம். டி.டி.சி. என்னும் ஆசிரியர் பயிற்சி முடித்து, அரசு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பி.எஸ்.சி.யின் ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து, தமிழ்வழிப் பள்ளிகளில் காலியிடம் வருவதற்குள் லிஸ்டின் காலம் முடிந்துபோன பெண்களை ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளிலெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி இன்று தகப்பனாரின் சாயாக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் கையெழுத்து இப்போதும் கரும்பலகைக் கையெழுத்துத்தான். ரூசேவின் கடையை எங்கள் ஊர்க் கள்ளுக்கடையாகவே போட்டுவிடலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து அமர்வோர் இருக்கும்வரை நாடகத்துக்குத் துணைப் பாத்திரங்களுக்கும் பஞ்சம் வராது.

மொழிதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். அப்பன் மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழில் பேச, மகள் பாடப்புத்தகத் தமிழில் பதில் சொல்லத் தொடங்கும் கணத்திலேயே பாதிச் சண்டை வந்துவிடும். இருவரையும் ஒரே செந்தமிழில் பேசவைக்கும் மொழிபெயர்ப்பு, மேடையில் எத்தனை கிலோ இறைச்சியைத் தொங்கவிட்டாலும் இயற்பண்புவாதம் ஆகாது. 1913இல் அமெரிக்க விமர்சகர் மென்கனின் முன்னுரையோடு போஸ்டனில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர்களோ புதுச்சேரியில் இருக்கிறார்கள். அவர்களும் எங்கள் ஊர்த் தமிழ் தெரிந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிகிற வேலை.

மூன்றாம் அங்கத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பிரியோ அதை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதினார். ஒன்றில் முடிவு கசப்பானது. பின்னால் வந்ததில் மகள் திரும்பி வந்து வீட்டாரோடு ஒத்துப்போகிறாள். 1903இல் இந்த நாடகம் அரசு அரங்கான கோமெதி பிரான்சேஸுக்குச் சென்றது, ஆசிரியரும் 1909இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வானார். சமாதான முடிவு பார்வையாளருக்கு இதமாக இருந்திருக்கலாம். எனக்கு அது, வேலை கிடைக்காத பெண்ணிடம் “படிக்காமலே இருந்திருக்கலாம்” என்று உறவினர் சொல்லும் ஆறுதல் போலவே கேட்கிறது. தமிழில் யாரேனும் மேடையேற்ற முன்வந்தால், இரண்டாம் அங்கத்தின் இறுதியில், அவள் வெளியேறிய கதவு திறந்தபடியே இருக்க, திரையை இறக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.